வலது மூலைச் சுருக்கம்

ஜூன் 4

அன்புள்ள கலர்க்காரருக்கு,

இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறை?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, எழுதினால் யோசித்துச் சண்டை போடலாம் என்று நீங்கள்தானே சொல்லிவிட்டுப் போனீர்கள். அதனால் எழுதுகிறேன். வாரம் ஒரு பெட்டி எப்படியும் உங்களுக்கு வரத்தான் போகிறது. சீவல்களுக்கு மேலே இந்தக் காகிதத்தையும் மடித்து வைத்துவிடுகிறேன். நீங்களும் காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது அதைக் காலியாக அனுப்பாதீர்கள்.

முதல் பெட்டி இது. என் பாதியிலிருந்து முதல் வரிசை. நீங்கள் கையோடு கொண்டுபோன மறு பாதியை அங்கே யார் வெட்டப் போகிறார்கள் என்று எழுதுங்கள். எள்ளளவு எலி மூளைத் துண்டு. அதை இரண்டாக்கி ஆளுக்குப் பாதி. நல்லவேளை, நம் வீட்டில் பாத்திரம் பண்டத்தை இன்னும் யாரும் இப்படிப் பிரிக்கவில்லை.

அத்தைக்கு உங்கள் வேலையை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. "எலி மூளையப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? இங்க இல்லாத எலியா?" என்றார்.

"வெறுமனே பாக்கறது இல்ல அத்தை. நான் அதைத் தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு கனத்துக்குச் சீவித் தர்றேன். ஒவ்வொரு சீவலையும் படம் எடுத்து, எந்த நரம்பு எங்க போகுது, எதோட கை கோக்குதுன்னு இவர் கலர் அடிப்பாரு. ஒரு நரம்புக்கு ஒரு கலர். இத்தனை நாள் கையால அடிச்சாரு. இப்ப மெஷினுக்குக் கத்துக் குடுக்கப் போயிருக்காரு."

"கத்துக் குடுத்துட்டா அப்புறம் இவனுக்கு என்ன வேலை?"

பதில் தெரிந்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

நம் லேப் தலைவி டாக்டரம்மா நேற்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு பாதியில் எது உங்கள் மெஷினுக்கு ஒத்துப்போகிறதோ, மீதி மூளை முழுவதும் அந்தக் கைக்கே போகுமாம். மீதி மூளை என்றால் பத்து வருஷ வேலை. ஆறு வருஷமாக நான் வெட்டினேன், நீங்கள் கலர் அடித்தீர்கள். அந்தப் பத்து வருஷமும் அப்படியேதான் இருக்க வேண்டும் எனக்கு. வேறு ஒருத்தர் வெட்டியதற்கு நீங்கள் கலர் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் நாற்காலியில் பழைய மானிட்டர்களை அடுக்கிவிட்டார்கள்.

கத்தியும் கையுமாக,
உங்கள் மனைவி

ஜூன் 13

என் கத்திக்காரிக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கூடம் நிறையக் கறுப்பு அலமாரிகள். எல்லாம் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டர் என்கிறார்கள். உள்ளே போனால் காற்றாடிகள் போடுகிற சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. மழை வருமா வராதா என்று கணக்குப் போடுகிறவர்களும் நாங்களும் ஒரே வரிசையில் நிற்கிறோம். அவர்களுக்கு அவசரம் என்றால் எங்கள் எலி காத்திருக்க வேண்டும்.

ஆனால் முறை வந்துவிட்டால், அம்மாடி! நான் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து கலர் அடித்ததை ஒரு மத்தியானத்தில் அடித்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெயர். நடந்துகொள்வது நல்ல மாணவன் மாதிரி. நான் கையால் அடித்த பழைய படங்கள்தான் அதற்குப் பாடப்புத்தகம். நான் எப்படி எப்படிப் போட்டேனோ அப்படியே போடுகிறது. அம்மாவிடம் சொல், இப்போதைக்குத் தப்புத் திருத்துகிற வேலை எனக்கு இருக்கிறது.

மறு பாதியை இங்கே ஒரு பெண் வெட்டுகிறாள். நல்ல கை. வெள்ளியாகவே விழுகிறது, தங்கம் தட்டுவதே இல்லை. ஆனால் பெட்டியில் அடுக்குவதில் படு மோசம். போன வாரம் ஒரு பெட்டி முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இதை எடுத்துட்டுப் போங்க, கண்ணு கூசுது" என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்துப்போய் மறுநாள் ஒழுங்காகக் கொண்டுவந்தாள்.

உன் பெட்டி எப்போதும் போல அருமை. நீ வெட்டினால் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குளிரில் விரல் விறைத்துப்போய்,
உன் கலர்க்காரன்

ஜூன் 21

அன்புள்ள கலர்க்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். எந்தப் பத்தி என்று உங்களுக்கே தெரியும்.

வெள்ளியாக விழுகிறதாமே. உலகத்திலேயே தங்கத்தைவிட வெள்ளி உசத்தி என்று சொல்கிற தொழில் நம்முடையது ஒன்றுதான். தண்ணீரில் மிதக்கும்போது சீவல் வெள்ளி மாதிரி மின்னினால் மெலிசு, தங்கம் மாதிரி மின்னினால் கனம். ஏதோ தெரியாத ஆளுக்குச் சொல்வது போல எனக்கே எழுதியிருக்கிறீர்கள். என் சீவலும் வெள்ளிதான். எப்போதாவது ஒன்றிரண்டு தங்கம் விழும். அதுவும் மேல்மாடியில் யாராவது கதவை அறைந்து சாத்தினால். நம் கட்டடம் பழசு. வெள்ளிக்காரியின் கட்டடம் புதுசாக இருக்கும்.

அவளுடைய வயதை நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆனவளா என்றும் கேட்கவில்லை. அந்தச் சந்தேகம் எல்லாம் எனக்குக் கிடையாது, உங்களை எனக்குத் தெரியும். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற ஆள் நீங்கள். எனக்கு இருப்பது சந்தேகம் இல்லை, பொறாமை. வெறும் வயிற்றெரிச்சல். அவள் சீவலை நீங்கள் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள் இல்லையா, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு? அப்படி உட்கார்ந்து என் சீவலை மட்டும்தான் ஆறு வருஷம் பார்த்தீர்கள்.

ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று படித்தபோது மட்டும் மனசு குளிர்ந்தது. நன்றாக வேண்டும். இன்னும் நாலு பெட்டி திருப்பிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டம்மா வந்து, "உங்களுக்கு வைரத்துல கத்தி குடுத்துருக்காங்களாமே, தோடு மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள். காட்டினேன். நகத்தளவு இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோனாள். "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்றாள். வைரத் தோடு போட்டவள் எல்லாம் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள், வைரக் கத்தி பிடிக்கிறவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் வெள்ளி. எண்ணிப் பாருங்கள்.

வயிற்றெரிச்சலுடன்,
உங்கள் தங்கக்காரி

ஜூலை 2

என் தங்கமே,

தங்கம் என்று நீயே கையெழுத்துப் போட்டுவிட்டாய், நான் என்ன செய்ய!

உன் பெட்டி வெள்ளிதான். பார்த்தேன், மெச்சினேன். பொறாமைப்பட இங்கே ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் என்னிடம் பேசுவதே கம்மி. நாள் முழுக்கத் தலை நிமிராமல் வெட்டுகிறாள். நேற்றுதான் பாவம், கண் கலங்கிவிட்டாள். சீவல் ஒதுக்குகிற அவளுடைய குச்சி உடைந்துவிட்டது. உனக்குத் தெரியாததா, குச்சி நுனியில் இமைமுடி ஒட்டாமல் தண்ணீரில் மிதக்கிற சீவலைத் தொட முடியுமா? அவளுடைய இமை குட்டை. மற்றவர்களுடையதையும் ஒட்டிப் பார்த்தாள், சரிப்படவில்லை. கண்ணைக் கசக்கும்போது என்னுடையது ஒன்று மேஜைமேல் விழுந்தது. "இத எடுத்துக்கலாமா?" என்றாள். எடுத்துக்கோங்க என்றேன். நகப்பூச்சு வைத்து ஒட்டிக்கொண்டாள். ஜோராக வேலை செய்கிறது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஹீட்டர் ஆளைக் கூப்பிட்டாயா?

உன்,
கலர்க்காரன்

ஜூலை 9

உங்களுக்கு,

முழங்கால் பரவாயில்லை. ஹீட்டர் ஆள் வந்துபோனான்.

ஊரில் நாய் இல்லையா? பூனை இல்லையா? நாய்முடியும் பூனை மீசையும் வைத்துக்கூட ஒட்டுகிறார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள். அவளுக்கு மட்டும் உங்கள் இமைதான் வேண்டுமா?

இந்த ஆறு வருஷத்தில் என் குச்சியில் எத்தனை முறை உங்கள் இமையை ஒட்டியிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் நானே எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் உங்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, கன்னத்தில் உதிர்ந்து கிடப்பதை ஈர விரலால் ஒற்றி எடுப்பேன். நீங்கள் "சீக்கிரம், டீ ஆறுது" என்பீர்கள். கல்யாணத்தில் மாலை மாற்றினோம், அதை எல்லாரும் பார்த்தார்கள். இதை யாரும் பார்க்கவில்லை. அதனால் இது எனக்குப் பெரிசு. உங்களுக்கு மேஜைமேல் விழுந்த முடி.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு இருக்க நான் என்ன மரமா? அவர் கேட்ட ஒரே கேள்வி: "பிடுங்கினாளா, உதிர்ந்ததா?"

"உதிர்ந்தது அத்தை."

"உதிர்ந்ததுக்கெல்லாம் கணக்குப் பாத்தா குடித்தனம் பண்ண முடியாதும்மா."

தன் பிள்ளையாயிற்றே, விட்டுக்கொடுப்பாரா?

நான் என் குச்சியில் இருந்த உங்கள் இமையைக் கழற்றி எறிந்துவிட்டேன். கீழ்வீட்டுப் பூனை உதிர்த்த மீசையை ஒட்டியிருக்கிறேன். இந்தப் பெட்டி முழுக்கப் பூனைக் கைவண்ணம். அதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, மீசையை உதிர்த்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விட்டது.

கத்திக்காரி

ஜூலை 20

என் கோபக்காரிக்கு,

தப்புதான். அந்த மாதிரி யோசிக்கவே இல்லை. அவளிடம் போய்த் திருப்பிக் கேட்டால் பைத்தியம் என்பாள், அதனால் கேட்கவில்லை. வேறு முடி தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் பூனை உண்டு.

இப்போது உனக்குச் சந்தோஷமான சேதி. அப்படித்தான் எடுத்துக்கொள்வாய் என்று தெரியும்.

போன வாரம் இரண்டு பாதிக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் முறை கிடைத்தது. முதலில் உன் பாதி. மெஷின் விட்டு விளாசிவிட்டது. ஒரு நரம்பு விடாமல் நூல் பிடித்த மாதிரி முதல் சீவலிலிருந்து கடைசிச் சீவல் வரை போயிற்று. அடுத்து வெள்ளிக்காரியின் பாதி. நீ வைத்த பெயர் எனக்கும் ஒட்டிக்கொண்டது. திரையைத் திறந்தோம். வலது மூலை முழுவதும் ஒரே கலர். நூற்றுக்கணக்கான நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பூதமாக நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் சுத்தம், வலது மூலை மட்டும் பூதம். அவள் மூஞ்சி வெளுத்துவிட்டது. திரும்ப ஓட்டினோம். திரும்பவும் பூதம். மழைக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே முறையை விட்டுக் கொடுத்தார்கள்.

மெஷின் உன் சீவலுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். வேறு கை பட்டால் அதற்குப் புரியவில்லை.

டாக்டரம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை. சரிசெய்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.

உன்,
கலர்க்காரன்

ஜூலை 27

அன்பும் ஆசையும் நிறைந்த கலர்க்காரருக்கு,

பூதம்! ஐயோ, நான் பார்க்காமல் போனேனே. கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடத்தில் நின்று கைதட்டினேன். அத்தை டி.வி.யை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார். "உங்க பிள்ளைக்கு இல்லாத விசுவாசம் அந்த மெஷினுக்கு இருக்கு அத்தை" என்றேன்.

இரும்பும் கம்பியும் ஆன ஒன்று. கண் கிடையாது, இமை கிடையாது. அதற்குத் தெரிகிறது யாருடைய கை என்று. அவளுடைய வெள்ளியைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் "எனக்கு அவள் சீவல்தான் வேண்டும்" என்று அடம் பிடிக்கிறது. அதற்கு ஒரு முத்தம் கொடுத்ததாகச் சொல்லுங்கள். எந்த அலமாரிக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.

டாக்டரம்மாவுக்கு உடனே எழுதுங்கள். மீதி மூளையை என் மேஜைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பூனை மீசையையும் மாற்றிவிடுகிறேன், நீங்கள் வந்ததும்.

இன்றைக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிட்ட,
உங்கள் மனைவி

ஜூலை 30

உங்களுக்கு,

பெட்டி போகிற நாள் வரை காத்திருக்க முடியவில்லை. தனியாகத் தபாலில் போடுகிறேன்.

கைதட்டி முடித்துப் படுத்தபிறகு ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பழகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எதற்குப் பழகிவிட்டது? ஏன் வலது மூலை? ஏன் அந்த மூலை மட்டும்?

நான் வெட்டுகிற இடத்தில் சீவல் வெறும் மின்னுகிற சதுரம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பெரிதாக்கிப் பார்ப்பது உங்கள் வேலை. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் நான் படம் பார்த்ததில்லை, பார்க்கத் தோன்றியதும் இல்லை. நேற்றுக் காலை உங்கள் நாற்காலியில் இருந்த மானிட்டர்களை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். என் சீவல்கள். முதல் வருஷம், மூன்றாம் வருஷம், போன மாதம் நீங்கள் அங்கிருந்து நெட்டில் ஏற்றியது.

எல்லாவற்றிலும் வலது மூலையில் ஒரு சுருக்கம். புதுத் துணியை மடித்துவைத்த தடம் போல மெலிசாக, சாய்வாக. ஒன்றில்கூட இல்லாமல் இல்லை.

அதன்மேல் நீங்கள் அடித்த கலரையும் பார்த்தேன். சுருக்கத்துக்கு முன்னால் கோடு நேராக வருகிறது. சுருக்கத்தில் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்துவிட்டிருக்கிறீர்கள், பிறகு மறுபடி நேராகப் போகிறது. ஒவ்வொரு நரம்புக்கும். ஒவ்வொரு சீவலிலும். ஆறு வருஷமாக.

மெஷின் அதைத்தானே கற்றுக்கொண்டது? இந்த மூலைக்கு வந்தால் இடப்பக்கம் இழு என்று. வெள்ளிக்காரியின் சீவலில் சுருக்கமே இல்லை. இல்லாத சுருக்கத்துக்காக இழுத்து, பக்கத்து நரம்போடு ஒட்டிவிட்டது. அதற்கு என்மேல் விசுவாசமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. உங்களைப் பார்த்து அப்படியே செய்தது. நான் முத்தம் வேறு கொடுக்கச் சொன்னேன்.

இத்தனை நாளாக "அருமை, குறை சொல்ல என்ன இருக்கிறது" என்று எழுதினீர்களே. அவளிடம் மட்டும் "கண்ணு கூசுது, எடுத்துட்டுப் போங்க" என்று முதல் மாதமே சொல்ல முடிந்தது. அவள் எடுத்துப்போனாள், மறுநாள் திருத்திக் கொண்டுவந்தாள். எனக்கு அந்த மறுநாள் கிடைக்கவே இல்லை. அவளைத் திட்டினால் திருந்துவாள் என்று நம்பினீர்கள். என்னிடம் அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லை.

நான் தப்பான இடத்தில் பொறாமைப்பட்டிருக்கிறேன். இமைமுடிக்காக ஒரு மாசம் எரிந்தேன். எரிய வேண்டியது இந்தத் திட்டுக்கு. அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

நான்

ஆகஸ்ட் 6

கத்திக்காரிக்கு,

நீ கண்டுபிடித்தது சரி. பூதத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுதப் பயம்.

கல்யாணம் ஆன புதிதில் ஒரு தடவை சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? மூலையில் சுருக்கம் விழுகிறது, இது குப்பை என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன், அது தப்பு. நீ ஒரு வார்த்தை பேசாமல் கத்தியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாய். நாலு நாள் தொடவில்லை. டாக்டரம்மாவிடம் காய்ச்சல் என்றாய். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் சொல்லவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டால் போச்சு. அரை நொடி வேலை, வீட்டில் நிம்மதி. அன்பு என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அன்பு பாதி, சோம்பேறித்தனம் பாதி. அவளிடம் கறாராக இருப்பது சுலபம். அவளோடு நான் குடும்பம் நடத்தவில்லையே.

என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்.

உன்,
கலர்க்காரன்

ஆகஸ்ட் 16

கத்திக்காரிக்கு,

பெட்டி வந்தது. மேலே காகிதம் இல்லை. சீவல்களுக்கு அடியில் இருக்குமோ என்று தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். இல்லை.

போன் பண்ணினால் அம்மாதான் எடுக்கிறார். "வேலையா இருக்கா" என்கிறார். உன் குரல் பின்னால் கேட்கிறது. சண்டையாவது போடேன்.

உன்,
கலர்க்காரன்

ஆகஸ்ட் 29

அன்புள்ள உங்களுக்கு,

வேலையாகத்தான் இருந்தேன். உங்கள் அம்மா பொய் சொல்ல மாட்டார், எனக்காகக்கூட.

சுருக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். பூனை மீசையிலும் விழுகிறது, அதனால் குச்சி காரணம் இல்லை. கத்தியைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் வலது பக்கம்தான். அதனால் கத்தியும் இல்லை. பிறகுதான் மேலே பார்த்தேன். ஏ.சி. காற்று என் வலது தோள்மேல்தான் இறங்குகிறது. கத்தியோடு ஒட்டிய சின்னத் தொட்டியில் இருக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் சீக்கிரம் வற்றி இறங்கிவிடும்போல. அட்டையை வெட்டிக் காற்று வாயில் ஒட்டினேன். டாக்டரம்மா வியர்த்துக்கொண்டே வந்து சண்டை போட்டார். ஒட்டினது ஒட்டினதுதான் என்றேன்.

முதல் கடிதத்திலேயே நீங்கள் சொல்லியிருந்தால் முதல் வாரமே அட்டை ஒட்டியிருப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாலு நாள் பேசாமல் இருந்தேன், சரி. ஐந்தாம் நாள் பேசினேனே, அப்போது சொல்லியிருக்கலாமே. கோபக்காரி என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டீர்கள்? கோபம் வந்தால் கொஞ்ச நேரம் கத்துவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், பிறகு வெட்டுவேன். நீங்கள் அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்து என்னை ஆறு வருஷம் தங்கக்காரியாகவே வைத்துவிட்டீர்கள்.

இந்தப் பெட்டியில் புது வரிசை இருக்கிறது. அட்டை ஒட்டியபின் வெட்டியது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. மெஷினுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்த இழுவையை மறக்கடியுங்கள். பிறகு என் சீவலையும் அவள் சீவலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து உண்மையை எழுதுங்கள். அருமை என்று எழுதினால் அந்தக் கடிதம் திரும்பி வரும், பெட்டி வராது. இனி எந்தப் பெட்டியும் வராது. இதைக் கோபத்தில் எழுதவில்லை. சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளைத் திட்டியது போல என்னைத் திட்டுங்கள்.

கத்திக்காரி

செப்டம்பர் 15

கத்திக்காரிக்கு,

மெஷினை முதலிலிருந்து உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். வலது மூலையில் நான் இழுத்ததை எல்லாம் அழித்தேன். சுருக்கம் வந்தால் தெரியவில்லை என்று விட்டுவிடு, நீயாக ஒட்டாதே என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு பாதியையும் ஓட்டினோம். அவளுடையதில் பூதம் போய்விட்டது. உன்னுடையதில் பழைய சீவல்களின் வலது மூலை முழுக்க வெள்ளையாக நிற்கிறது. மெஷினுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை, தெரிந்த மாதிரி கலர் அடித்திருக்கிறேன்.

புது வரிசை. சுருக்கம் பாதி குறைந்திருக்கிறது. போகவில்லை. அட்டை பாதி சரி, மீதி உன் கை. சீவலைத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது அவசரப்படுகிறாய், வலது பக்கம் முதலில் தூக்குகிறது. கடைசித் தட்டு முழுவதும் குப்பை. இரண்டு இடத்தில் சீவல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது, நீ பார்க்கவே இல்லை. தங்கம் ஒன்றிரண்டு என்று எழுதியிருந்தாய். பொய். ஐந்தில் ஒன்று தங்கம். மாடிக் கதவைக் குற்றம் சொல்லாதே. வரிசை எண்ணை மாற்றி ஒட்டியிருக்கிறாய், அதைத் தேட எனக்கு ஒரு நாள் போயிற்று. இவ்வளவு அனுபவத்துக்கு இது வெட்கக்கேடு.

டாக்டரம்மாவுக்கு எழுதிவிட்டேன். மீதி மூளை அவள் கைக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். அவள் உன்னைவிட நன்றாக வெட்டுகிறாள். இதை எழுத மூன்று நாள் ஆயிற்று, ஆனால் இது உண்மை.

இங்கே இரண்டாவது வெட்டு மேஜை ஒன்று காலியாக இருக்கிறது. மூளை பெரிசு, ஒரு கை போதாது. நீ வந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நாள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இதை இனிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வருகிறாயா?

உன்,
கலர்க்காரன்

செப்டம்பர் 23

அன்புள்ள கலர்க்காரருக்கு,

கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடி படித்தேன். மீதி மூளை அவள் கைக்கு என்ற இடத்தில் கண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலேயிருந்து படித்தேன். வெட்கக்கேடு என்ற இடத்தில் அத்தை வந்துவிட்டார்.

"ஏம்மா அழுவுற? என்ன எழுதியிருக்கான்?"

"திட்டி எழுதியிருக்காரு அத்தை. என் வேலை குப்பையாம்."

"அப்புறம் ஏன் சிரிக்கிற?"

நான் சிரித்துக்கொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கடைசித் தட்டின் படத்தைத் திறந்து பார்த்தேன். குப்பைதான். சீவல் ஏறியிருப்பது கண் தெரியாதவனுக்கும் தெரியும். வரிசை எண் விஷயத்தில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை, அதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

ஆமாம், நேரில். மாதக் கடைசியில் வருகிறேன். அத்தையும் வருகிறார், அங்கே இருக்கிற எலி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமாம். மேஜையை ஏ.சி.க்குக் கீழே போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்தப் பெண்ணிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். அவளிடம் ஒழுங்காகக் கற்றுக்கொள்வேன், கேட்டபடி செய்வேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் அவளை எனக்குப் பிடிக்காது. அது மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இதோடு ஐந்தாவது தடவை படித்துவிட்டேன். நீங்கள் யாரையும் இவ்வளவு திட்டி நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். அவளை இந்த அளவுக்குத் திட்டியிருக்கிறீர்களா?

இப்படிக்கு,
இல்லை என்ற பதிலுக்காகக் காத்திருக்கும்
உங்கள் மனைவி